பனை இல்லாத ஊரில் கார்த்திகை

தீபாவளிக்கு "ஒளித் திருநாள் வாழ்த்துகள்" என்று யாராவது அனுப்பினால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். எங்கள் பக்கம் தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, வெடி, காலையிலேயே இட்லிக்குக் கறிக்குழம்பு. வாசலில் விளக்கு வரிசை வைக்கும் வழக்கமெல்லாம் அதில் கிடையாது, டிவியைப் பார்த்து இப்போதுதான் சிலர் வைக்கிறார்கள். விளக்கு எங்களுக்குக் கார்த்திகைக்குத்தான். பரணில் கிடக்கும் பித்தளை விளக்குகளை இறக்கிப் புளி போட்டுத் துலக்குவதும், சந்தையில் அகல் வாங்கி வந்து ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுவதும் (ஊறப் போடாவிட்டால் பாதி எண்ணெயை மண்ணே குடித்துவிடும்), வீட்டில் இருக்கும் பழைய வேட்டியைத் தேடிப் பிடித்துத் திரி திரிப்பதும் இந்த ஒரு பண்டிகைக்குத்தான் நடக்கும்.

கார்த்திகையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் திருவண்ணாமலையில் ஆரம்பிப்பார்கள். நியாயம்தான். ஆனால் எனக்கு இந்தப் பண்டிகையை நினைத்தால் மலைக்கு முன்னால் ஒரு மரம்தான் வருகிறது. அண்ணாமலைக்கு அப்புறம் வருகிறேன், முதலில் பனை.

நான் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டுப் பக்கம். செம்மண், பனை, உடங்காடு, மறுபடியும் பனை. அங்கே இதைத் திருக்கார்த்திகை என்றுதான் சொல்வார்கள், 'திரு' போடாமல் சொல்ல வாய் வராது. அன்றைக்கு முக்கியமான பலகாரம் ஓலைக் கொழுக்கட்டை. இளம் குருத்தோலையை வெட்டி வந்து, ஒரு சாண் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, ஈரத்துணியால் துடைத்து வைப்பார்கள். பச்சரிசி மாவை வறுத்து, கருப்பட்டியைப் பாகாக்கி மண் போக வடிகட்டி ஊற்றி, தேங்காய்ப்பூ, வறுத்துப் பாதி வேகவைத்த சிறுபயறு, சுக்கு, ஏலக்காய் எல்லாம் போட்டுப் பிசைந்து, அந்த ஓலை மடிப்புக்குள் வைத்து நெருக்கி, மேலே இன்னொரு ஓலையைக் கவிழ்த்து, ஓலைக் கிழிசலாலேயே கட்டி ஆவியில் வேகவைக்க வேண்டும். வெந்த பிறகு வரும் மணம் இருக்கிறதே, அது கருப்பட்டி மணமும் இல்லை, மாவு மணமும் இல்லை, பச்சை ஓலை சூடு பட்டால் மட்டும் வருகிற ஒரு மணம். ஓலையைப் பிரித்தால் நரம்பின் கோடு கோடாக அச்சு கொழுக்கட்டை மேல் விழுந்திருக்கும். குமரி மாவட்டத்துக்குப் போனால் இதே நாளில் திரளி இலையில் அவிக்கிறார்கள். அதன் மணம் வேறு, அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் என் ஓட்டு ஓலைக்கு.

ஒரு வருஷம் ஓலை கிடைக்காமல் அம்மா வாழையிலையில் வைத்து அவித்துவிட்டாள். ஆச்சி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பிள்ளையாருக்குக் கொண்டு வை. இது கார்த்திகைக் கொழுக்கட்டை இல்லலா" என்று சொல்லிவிட்டாள். மாவும் அதே மாவு, கருப்பட்டியும் அதே கருப்பட்டி. ஓலை இல்லை என்றால் கணக்கில் சேராது, அவ்வளவுதான்.

எனக்குப் பெண் கொடுத்தது விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில். கல்யாணத்துக்கு அப்புறம் வந்த கார்த்திகைக்கு அங்கே போனபோது ஓலைக் கொழுக்கட்டை என்ற பேச்சே இல்லை. பொரி உருண்டை, அப்பம், அடை. சரி, இங்கே பனைக்கு வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மாமனார் கொல்லையிலிருந்து ஒரு சாமானை எடுத்து வந்தார். அதுதான் மாவளி.

மாவளி பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆண்பனையில் காய் வராது, விரல் விரலாக நீண்ட பாளைகளில் பூ மட்டும்தான் வரும். அந்தப் பூக்கதிர் காய்ந்து மரத்தடியில் கொட்டிக் கிடக்கும். அதைப் பொறுக்கி வந்து, சின்னக் குழி தோண்டிப் போட்டுக் கொளுத்தி, நன்றாகக் கனிந்து வரும்போது மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். இங்கேதான் கைப்பக்குவம்: சீக்கிரம் மூடினால் பாதி வேகாமல் நிற்கும், தாமதித்தால் சாம்பலாகிப் போகும், வேண்டியது கரி. ஆறிய கரியை உரலில் இடித்துச் சலித்து, பழைய பருத்தித் துணியில் நீளவாக்கில் நிரப்பி இறுக்கச் சுருட்டிக் கட்டுவார்கள். பச்சைப் பனைமட்டையைப் பிளந்து, பிளவுக்கு நடுவே அந்தத் துணிச் சுருளைச் செருகி, நுனியைக் கட்டி, மறு முனையில் கயிறு. சுருளின் தலையில் ஒரு நெருப்புத் துண்டை வைத்து ஊதிக் கங்கு பிடித்ததும் கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுற்ற வேண்டியதுதான். காற்று பட்டதும் கரித்தூள் துணியின் கண்கள் வழியாகப் பொறிப் பொறியாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பி, சுற்றுகிறவனைச் சுற்றி ஒரு முழு வட்டம் நெருப்பாக நிற்கும். சத்தமே கிடையாது, கயிறு காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டும். வெடிமருந்து கிடையாது, கந்தக நாற்றம் கிடையாது. "மாப்ள, காத்து எந்தப் பக்கம்னு பாத்துக்கிட்டு நில்லுங்க, வேட்டிய மடிச்சிக் கட்டுங்க" என்று சொல்லிக் கயிற்றை என் கையில் கொடுத்தார். தெருவில் பையன்கள் "மாவளியோ மாவளி" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

இந்தக் கத்தலுக்குக் கதையும் இருக்கிறது. மகாபலிச் சக்கரவர்த்திக்கு உடம்பெல்லாம் எரிச்சல் வந்ததாம், கார்த்திகை விரதம் இருந்து விளக்கு வைத்த பிறகு அது தீர்ந்ததாம், அவன் பெயரைச் சொல்லித்தான் சுற்றுகிறோம் என்பார்கள். அந்த மகாபலி முற்பிறவியில் யார் என்பதுதான் எனக்கு இன்னும் பிடித்த கதை. வேதாரண்யம் கோவிலில், அதாவது பழைய திருமறைக்காட்டில், அணையப் போன விளக்கில் ஒரு எலி நெய் குடிக்க வந்து, மூக்கு சுட்டுத் துள்ளியதில் திரி தூண்டப்பட்டுச் சுடர் நிமிர்ந்துவிட்டது. அது பக்தியில் செய்ததில்லை, பசியில் செய்தது, அதுவும் மூக்கு சுட்டதால் தற்செயலாக நடந்தது. இருந்தும் சிவன் அந்த எலிக்கு அடுத்த பிறவியில் மூன்று உலகத்தையும் ஆளும் பதவியைக் கொடுத்துவிட்டார். திருக்குறுக்கை வீரட்டத்தைப் பாடும்போது அப்பர் இந்த எலியைச் சொல்லியிருக்கிறார், அதனால் கதைக்கு ஆயிரத்து முன்னூறு வயசுக்குக் குறைவில்லை. எண்ணம் சுத்தமாக இருந்தால்தான் பலன் என்று கண்டிப்பு பேசும் பெரியவர்களிடம் இந்த எலியைப் பற்றிக் கேட்கலாம்.

அப்புறம் சொக்கப்பனை. சிலர் சொக்கப்பானை என்பார்கள். கோவிலுக்கு முன்னால் ஒரு பனையையோ, பனந்தடியையோ நட்டு, அதைச் சுற்றிக் காய்ந்த ஓலைகளைக் கூம்பாகக் கட்டி, சாமி புறப்பாடு வந்து நின்றதும் தீபாராதனை காட்டி அந்த நெருப்பாலேயே கொளுத்துவது. சிவன் முப்புரம் எரித்ததற்கு அடையாளம் என்று சிவன் கோவிலில் சொல்வார்கள். ஆனால் ஸ்ரீரங்கத்திலும் நம்பெருமாள் எழுந்தருளிச் சொக்கப்பனை காண்கிறார், முப்புரக் கதையை அங்கே யாரும் கேட்பதில்லை. திருவண்ணாமலையில் தீபம் ஏற்றும் நாளுக்கு ஒரு நாள் முன்பின்னாகப் பெருமாள் கோவில்களில் விஷ்ணு தீபம் வரும், அந்தப் பஞ்சாங்கக் கணக்கு தனி. காய்ந்த ஓலை பிடித்தால் எரிவது சில நிமிஷம்தான், ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் கோபுரத்தின் பாதிவரை வெளிச்சம் ஏறும், முன்வரிசையில் நிற்கிறவர்கள் சூடு தாங்காமல் பின்னால் நகர்வார்கள், பின்னால் இருக்கிறவர்கள் முன்னால் தள்ளுவார்கள். அணைந்ததும் கரித்துண்டுக்கும் சாம்பலுக்கும் ஒரு போட்டி நடக்கும். வயலில் கொண்டு போய்ப் போட்டால் பயிருக்குப் பூச்சி வராது என்று நம்பிக்கை. எங்கள் சித்தப்பா மிளகாய்த் தோட்டத்தின் நாலு மூலையிலும் ஒவ்வொரு துண்டு புதைப்பார், பூச்சி மருந்தும் அடிப்பார். இரண்டில் எது வேலை செய்தது என்று அவரிடம் கேட்டதில்லை.

ஆக, தெற்கே ஓலையும் கருப்பட்டியும், வடக்கே பூவும் மட்டையும், கோவில் வாசலில் தடியும் சருகும். பனையில் எதுவும் வீணாகாது என்று சொல்வார்கள், கார்த்திகை ஒரே சாயங்காலத்தில் அதைச் செய்து காட்டிவிடுகிறது. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. மாநில மலர் செங்காந்தள், அதற்குக் கார்த்திகைப்பூ என்றே ஒரு பெயர் உண்டு. இரண்டும் இந்தப் பண்டிகையைச் சேர்ந்தவை என்பதை இவற்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்திருப்பார்களா, தெரியாது.

எவ்வளவு பழைய பண்டிகை என்பதற்கு இலக்கியத்தில் போதுமான சாட்சி இருக்கிறது. அகநானூற்றின் 141ஆம் பாட்டில், நக்கீரர் பாடியது, தலைவி தோழியிடம் சொல்கிறாள்: மழை விட்ட வானத்தில் நிலா முழுசாக நிறைந்து அறுமீனோடு சேரும் நடு இரவில், தெருவெல்லாம் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டு, பழைய ஊரில் பலரும் கூடிக் கொண்டாடும் விழாவுக்கு அவர் வந்துவிட வேண்டும் என்று. அறுமீன் என்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், பின்னால் முருகனை வளர்த்த ஆறு பெண்கள் என்று கதை சொன்னோமே அதே கூட்டம். அந்த வரிகளில் சாமி பெயர் இல்லை. நிலா இருக்கிறது, தெரு இருக்கிறது, ஊர் ஜனம் இருக்கிறது, வெளியூர் போன ஆள் எப்போது வருவான் என்ற ஏக்கம் இருக்கிறது. கார் நாற்பதில் கார்காலத்துத் தோன்றிப் பூக்கள் கார்த்திகைக்கு நாட்டார் ஏற்றிய விளக்குகளுக்கு ஒப்பாக நிற்கின்றன, தோன்றி என்பது செங்காந்தள்தான் என்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூரில் பூம்பாவையைப் பாடும்போதே இதைத் 'தொல் கார்த்திகை நாள்' என்கிறார். அவர் காலத்திலேயே பழசு! அந்தப் பதிகத்தில் அவர் சொல்லும் 'விளக்கீடு' என்ற பெயர் இங்கே வழக்கொழிந்து யாழ்ப்பாணத்தில் இன்றும் புழங்குகிறது. அங்கே வாசலில் வாழைக்குற்றி நட்டு அதன் மேல் விளக்கு வைப்பார்கள், தடிகளில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களை வேலியோரம், கிணற்றடி என்று நட்டு எரிப்பார்கள். அதுவும் பனங்காட்டு ஊர்தான், கேட்க வேண்டுமா.

இப்போது அண்ணாமலை. 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஓர் ஆள் உயரக் கொப்பரை, அதற்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத காடாத் துணியில் திரி. விடியற்காலை 4 மணிக்குக் கோவிலுக்குள் பரணி தீபம், சாயங்காலம் 6 மணிக்கு மலையில் மகாதீபம். அதற்குச் சற்று முன்னால் அர்த்தநாரீசுவரர் சன்னிதியிலிருந்து வெளியே ஆடிக்கொண்டே வந்து சில நிமிஷத்தில் உள்ளே போய்விடுவார், வருஷத்தில் அந்தச் சில நிமிஷம் மட்டும்தான். கொடிமரத்தடியில் தீபம் ஏற்றியதும் மேலே சுடர் தெரியும், "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஊரே ஒரே குரலில் கத்தும். பதினோரு நாள் எரியும். ஆருத்ரா தரிசனத்தில் அந்தக் கொப்பரையின் மையை நடராஜருக்குச் சாத்திய பிறகு பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். இதில் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுவது, மலையில் தீபம் ஏற்றும் உரிமை பருவதராஜ குலத்தாருக்கு, அதாவது மீனவர் மரபினருக்கு இருப்பது. லட்சக்கணக்கானவர்கள் கீழே கைகூப்பி நிற்கும் நேரத்தில் மேலே நெருப்பு வைக்கிறவர் அவர்கள் வீட்டு ஆள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த மலைச் சரிவிலேயே மண் சரிந்து ஏழு பேர் இறந்துபோனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அந்த வருஷம் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. தீபம் டிசம்பர் 13 அன்று ஏற்றப்பட்டது, திரி, நெய் தூக்கும் ஆட்களும் தேவையான பணியாளர்களும் மட்டும் மேலே போனார்கள். மலையை நெருப்பு வடிவம் என்று கும்பிடுகிறோம், அதன் அடிவாரத்தை வீடு வீடாக வெட்டிக்கொண்டும் இருக்கிறோம்.

தலபுராணம் எல்லோருக்கும் தெரிந்ததே: பிரமனுக்கும் திருமாலுக்கும் யார் பெரியவர் என்று சண்டை, சிவன் அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாக நிற்கிறார், பன்றியாகத் தோண்டிப் போனவர் தோற்றேன் என்று ஒத்துக்கொள்கிறார், அன்னமாகப் பறந்தவர் தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கிறார். இதற்குத் தத்துவ விளக்கம் நிறைய உண்டு, நல்ல விளக்கங்கள்தான். ஆனால் எங்கள் ஆச்சிக்கு இந்தக் கதை தெரியுமா என்பதே சந்தேகம். அவள் விளக்கு வைத்த வரிசை வேறு. வாசல்படியில் ஆரம்பித்து, திண்ணை, மாடக்குழி, கிணற்றடி, தொழுவம், உரல், அம்மி, கடைசியில் குப்பைமேடு. குப்பைமேட்டுக்குத் தனி நாளே உண்டு, அதற்குப் பேர் குப்பைக் கார்த்திகை. தோட்டக் கார்த்திகை, கொல்லைக் கார்த்திகை என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள். அன்றைக்கு எருக்குழிக்கு ஒரு விளக்கு. எரு இல்லாமல் வயல் இல்லை, வயல் இல்லாமல் சோறு இல்லை, எனவே எருக்குழிக்கு மரியாதை.

கார்த்திகை விளக்கு ஏற்றுவது மழைக்காலப் பூச்சிகளைக் கொல்ல, அதனால் இது விஞ்ஞானம் என்று ஒரு செய்தி வருஷா வருஷம் வாட்ஸாப்பில் சுற்றும். பூச்சி விளக்கில் விழும், உண்மை. ஆனால் குப்பைமேட்டில் விளக்கு வைத்தவளுக்குப் பூச்சி ஒரு காரணமாகவே இருந்ததில்லை, இருந்திருந்தால் ஒரு நாளோடு நிறுத்தியிருக்க மாட்டாள். ஆய்வுக்கூடச் சான்றிதழ் இல்லாமல் ஒரு வழக்கத்தை ஏற்றுக்கொள்ள நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்றுதான் புரியவில்லை.

நான் இப்போது இருப்பது சென்னைப் புறநகரில், அடுக்குமாடி வீட்டில். கார்த்திகைக்கு வராந்தாவில் விளக்கு வைக்கிறோம், எண்ணெய் கறை படும் என்று காவலாளி வந்து ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவார், கேட்டுக்கொண்டு அட்டைத் துண்டைக் கீழே வைப்போம். எலக்ட்ரிக் தொடர் விளக்குகள் போதும் என்று ஒரு கட்சி இருக்கிறது. விளக்குப் பிரச்சினை இல்லை, அகல் எங்கேயும் கிடைக்கிறது. பனைதான் கிடைக்கவில்லை. கோயம்பேட்டில் தோரணத்துக்கு வரும் குருத்தோலை தென்னை, அதில் கொழுக்கட்டை அவித்தால் ஆச்சி எழுந்து வந்து சண்டை போடுவாள். ஊரிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் வந்து சேர்வதற்குள் வாடிப்போகிறது, ஈரச்சாக்கில் சுற்றி அனுப்பினால் தப்பிக்கும். மாவளியை இப்போது செய்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் செய்யச் சொல்லிக் கொடுக்கிறவர்களும் வந்திருக்கிறார்கள். நல்லதுதான். காசு கொடுத்து வாங்கித் தந்தால் என் மகள் சுற்றுவாள், ஆனால் அது எந்த மரத்தில் எங்கே பூத்தது என்று அவள் கேட்டால் காட்டுவதற்கு ஒரு ஆண்பனை பக்கத்தில் இல்லை.

ஊரிலும் குறைந்துவிட்டது. செங்கல் சூளைக்கு விறகாகப் போனது பாதி, வீட்டுமனை போட வெட்டியது மீதி. ஏறுகிறவர்கள் போய்விட்டால் ஏறாத மரத்துக்கு வருமானம் இல்லை, வருமானம் இல்லாத மரத்தைச் சூளைக்காரர் விலை பேசினால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது. காய்க்காத ஆண்பனையை முதலில் தள்ளுகிறார்கள், அதிலும் பதநீர் இறக்கலாம் என்பது மறந்துபோய். 2021இல் தமிழக அரசு, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. அறிவிப்பு வந்த பிறகும் லாரிகளைப் பார்த்திருக்கிறேன், முன்பைவிடக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணன் எங்கள் வயல் வரப்போரம் பனங்கொட்டை போட்டான். ஆடு மாடு அதிகம் தொல்லை கொடுக்காத பயிர், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், இப்போது முழங்கால் உயரத்துக்கு ஓலை விசிறியாக விரிந்திருக்கிறது. கொழுக்கட்டைக்கு வெட்டட்டுமா என்று கேட்டதற்கு, குருத்தைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்கிறான். பனை பூப்பதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருஷம் ஆகும், சில சமயம் அதற்கும் மேல். பூக்கும்வரை எது அலகுப்பனை (ஆண்), எது பருவப்பனை (பெண்) என்று யாராலும் சொல்ல முடியாது. "எல்லாம் பருவப்பனையா வரட்டும், நுங்காவது விக்கலாம்" என்பது அவன் கணக்கு. எனக்கு அதில் நாலைந்தாவது அலகாக வந்தால் போதும், கரி சுடுகிற பக்குவத்தை மாமனாரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.